புரூஃப் நாணயங்கள்: விற்ற விதமும் விளைந்த மதிப்பும்

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாணயசாலை சேகரிப்பாளர்களுக்கு அனுப்பிய சின்னஞ்சிறு அட்டைப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஐந்து செலோபேன் உறைகள் இருக்கும். உறைக்கு ஒரு காசு. உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் அந்தக் காசுகளைத் தேர்ந்த தொழிலாளர்கள் தனிக் கவனத்தோடு அடித்திருந்தார்கள். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்ததோ எந்த அலுவலக மேசையிலும் கிடைக்கும் கம்பி. ஈரக்காற்று பட்ட வீடுகளில் கம்பி துருவேறியது. சில பெட்டிகளில் துரு காசு வரைக்கும் இறங்கியது. செலோபேன் மஞ்சளித்து முறுகியது. இன்று அந்த ஆண்டுகளின் செட்டை வாங்குகிறவர் காசைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பின்னைத்தான் பார்க்கிறார்.

புரூஃப் நாணயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உலோகம், உருவம், எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் காசு நாணயசாலையிலிருந்து சேகரிப்பாளர் கைக்கு எந்த வழியாக வந்தது என்ற கேள்விக்கு அவ்வளவு இடம் தருவதில்லை. என் கருத்தில் அதுதான் முதல் கேள்வி. விற்பனை நடப்பது யாருக்குத் தெரிந்திருந்தது, என்ன விலை வைத்தார்கள், தனித்தனியாகக் கொடுத்தார்களா சேர்த்துக் கொடுத்தார்களா, எதில் வைத்து அனுப்பினார்கள் என்பவைதான் எந்தக் காசு அரிதாயிற்று, எது பெருகிற்று, எது பழுதுபட்டது என்பதைத் தீர்மானித்தன. மிக நீண்ட, தெளிவான பதிவுகள் உள்ள அமெரிக்காவை முதன்மையாக எடுத்துக்கொண்டு, இலண்டனையும் பம்பாயையும் பக்கத்தில் வைத்து, இந்தக் கேள்வியைப் பார்ப்போம்.

புரூஃப் என்றால் என்ன

புரூஃப் என்பது காசின் இன்றைய நிலையைக் குறிக்கும் சொல் அன்று. அது செய்யப்பட்ட முறையைக் குறிக்கும் சொல். புழக்கத்துக்கான காசை எந்திரம் மளமளவென்று அடித்துத் தள்ளும். புரூஃபுக்கு அப்படியில்லை. அச்சைத் தனியாக மெருகேற்றுவார்கள். காசாக மாற வேண்டிய உலோக வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒவ்வொன்றாகக் கையால் வைத்து, கூடுதல் அழுத்தத்தில், பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பார்கள். அதனால் தலைமயிரின் இழையும் இறகின் நரம்பும் கூர்மையாக விழுகின்றன, வெற்றுத்தளம் கண்ணாடியாகிறது. இப்படி அடித்த காசைக் கடையில் கொடுத்துச் செலவழித்து, அது தேய்ந்தே போனாலும், தேய்ந்த புரூஃப்தான். சாதாக் காசு ஆகிவிடாது.

புதிய அச்சு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அடித்துப் பார்த்த காசுகளே இதன் தொடக்கம். அந்தச் சோதனைக் காசின் அழகைக் கண்ட மன்னர்களும் அமைச்சர்களும் அதைப் பரிசாகக் கேட்டார்கள். பிறகு ஆர்வலர்களும் கேட்டார்கள். சோதனைப் பொருள் பரிசுப் பொருளாகி, பரிசுப் பொருள் விற்பனைப் பொருளானது.

தெரிந்தவர்களுக்கு மட்டும்: 1858-க்கு முன்

பிலடெல்பியா நாணயசாலை தன் முதல் அறுபது ஆண்டுகளில் புரூஃபுகளைப் பொதுமக்களுக்கு என்று விற்கவில்லை. நாணயசாலைக்கு நேரில் போய், அங்குள்ள அலுவலர்களை அறிந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்தக் காலத்தின் முகமாகச் சேகரிப்பாளர்கள் காட்டுவது பிலடெல்பியாவில் பியானோ செய்து வந்த ஜோசப் மிக்லியை. 1827-இல் அவர் நாணயசாலைக்குப் போய், அந்த ஆண்டின் கால் டாலர் புரூஃபுகள் நான்கை முகமதிப்புக்கே வாங்கி வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நான்கு கால் டாலர், ஒரு டாலர்; அவ்வளவுதான் விலை. 1827 தேதியிட்ட கால் டாலரில் புழக்கத்துக்கென்று அடித்த காசு எதுவும் இன்று அறியப்படவில்லை. ஆகவே கதவைத் தட்டத் தெரிந்த ஒருவர் சில்லறை மாற்றிய விலைக்கு வாங்கியது, அமெரிக்க நாணயவியலின் பெரும் அரிய பொருள்களில் ஒன்றாகிவிட்டது.

அரச பரிசுகள் இன்னொரு வழி. 1834-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சி, ஆசிய ஆட்சியாளர்களோடு வணிக உறவு தேடி எட்மண்ட் ராபர்ட்ஸ் என்பவரைத் தூது அனுப்ப முடிவு செய்தது. மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் கொண்டுபோக, நாட்டின் நாணயங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்த செட்டுகள் செய்யச் சொன்னார்கள். வெள்ளி டாலர் அடிப்பது நின்று முப்பது ஆண்டு ஆகியிருந்தது. நாணயசாலை தன் ஏட்டைப் புரட்டி, டாலர் கடைசியாக அடிக்கப்பட்டது 1804-இல் என்று கண்டு, அந்தத் தேதியையே புதிய அச்சில் பொறித்தது. 1804-இல் அடித்த டாலர்களோ பழைய தேதி அச்சுகளிலிருந்து வந்தவை. இப்படித்தான் 1804 என்ற தேதியைத் தாங்கிய டாலர் முதன்முதலாக 1834-இல் பிறந்தது. அந்த முதல் வகையில் எட்டுக் காசுகளே இன்று அறியப்படுகின்றன. அவற்றுள் மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் காசு 1999-இல் 41 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

பரிசுக்கென்று செய்தது சேகரிப்பாளர் கைக்கு எப்படி வந்தது? பண்டமாற்றில் வந்தது. 1838-இல் நாணயசாலை தனக்கென ஒரு காட்சியகம் தொடங்கியிருந்தது. அதற்கு அரிய பழங்காசுகள் தேவைப்பட்டன. 1843-இல் சேலம் நகரத்துச் சேகரிப்பாளர் மேத்யூ ஸ்டிக்னி தன்னிடமிருந்த ‘இம்யூன் கொலம்பியா’ என்னும் தங்கக் காசைக் காட்சியகத்துக்குக் கொடுத்து, மாற்றாக 1804 டாலர் ஒன்றைப் பெற்றார். பழக்கம், பண்டமாற்று, முகமதிப்பு என்ற இந்த மூன்றும்தான் அந்தக் காலத்து விற்பனை முறை. பணம் பெரிதாகத் தேவைப்படவில்லை, அறிமுகம் தேவைப்பட்டது. பிலடெல்பியாவிலிருந்து தொலைவில் வாழ்ந்த ஒருவருக்கு அந்த அறிமுகம் கிடைக்க வழியே இல்லை.

முன்வாசல் திறந்தது, பின்வாசலும் திறந்தது

1857 பிப்ரவரியில் வந்த சட்டம் பெரிய செப்புச் சென்ட்டையும் அரைச் சென்ட்டையும் நிறுத்தியது. குழந்தைப் பருவம் முதல் கையில் புரண்ட காசு மறைகிறது என்றதும், ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கு ஒன்று என்று தேடி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் நியூயார்க்கில் 1858-இல் தொடங்கப்பட்டதும் பிலடெல்பியாவில் அதே ஆண்டில் நாணயவியல் சங்கம் கூடியதும் இந்த அலையில்தான்.

நாணயசாலை இயக்குநர் ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடன் அலையைப் புரிந்துகொண்டார். 1858 முதல் புரூஃபுகள் யார் கேட்டாலும் விலைக்குக் கிடைக்கும் பொருளாயின. 1859 முதல் எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கும் ஒழுங்காக எழுதப்பட்டது. ஓர் அரசு அலுவலகம் தன் குடிமக்களைச் சேகரிப்பாளர்களாக ஏற்றுக்கொண்ட நாள் என்று இதைச் சொல்லலாம். ஆனால் தேவையை அவர் கூட்டியே மதித்துவிட்டார். 1860, 1861 ஆண்டுகளுக்கென்று ஆயிரம் செட் அளவில் அடித்து வைத்த வெள்ளி புரூஃபுகளில் பெரும்பங்கு விற்கவில்லை. மீந்தவை உருக்கப்பட்டன அல்லது சாதாக் காசுகளோடு கலந்து வெளியே போயின.

அதே ஸ்னோடன் இன்னொரு வழியையும் திறந்தார். காட்சியகத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பதக்கங்களைத் திரட்ட வேண்டும் என்பது அவருடைய பேரார்வம். நாணயசாலையில் பழைய அச்சுகள் கிடந்தன. அவற்றைக் கொண்டு அரிய காசுகளை மீண்டும் அடித்து, சேகரிப்பாளர்களிடம் பதக்கங்களுக்கு மாற்றாகக் கொடுத்தார். 1856 பறக்கும் கழுகுச் சென்ட் உட்படப் பல மறு அச்சுகள் இப்படி வந்தன. 1860 பிப்ரவரி 22-இல், வாஷிங்டன் பிறந்தநாளில், அந்தப் பதக்கக் காட்சி திறக்கப்பட்டது. அலுவல் முறையில் நடந்த இந்த மறு அச்சுக்கு நிழலாக, இரவில் நடந்த மறு அச்சும் இருந்தது. நாணயசாலையில் தலைமுறையாக வேலை பார்த்த எக்ஃபெல்ட் குடும்பத்து இளைஞர் தியோடர் எக்ஃபெல்ட், 1804 டாலர்களைத் திருட்டுத்தனமாக அடித்து விற்றதாகக் கூறப்படுகிறது. செய்தி வெளியே கசிந்ததும் நாணயசாலை அவற்றைத் திரும்பப் பெற முயன்றது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வகைக் காசு ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், அடியில் 1857-ஆம் ஆண்டுச் சுவிஸ் வெள்ளிக் காசின் எழுத்துகள் தெரிகின்றன. 1804 என்று தேதியிட்ட காசு 1857-க்குப் பின் அடிக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் ஸ்னோடனோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் இயக்குநராயிருந்த ஹென்றி லிண்டர்மன் 1879-இல் மறைந்த பிறகு விற்பனைக்கு வந்த அவருடைய சேகரிப்பிலும் ஒரு 1804 டாலர் மறு அச்சு இருந்தது. 1884, 1885 தேதியிட்ட வணிக டாலர்கள் முறையே பத்தும் ஐந்தும் மட்டுமே அறியப்படுகின்றன. எந்த விலைப்பட்டியலிலும் அவை இடம்பெறவில்லை, வாங்க வாய்ப்பிருந்ததைப் பொதுவான சேகரிப்பாளர் அறியவும் இல்லை. விற்பனை ஜன்னல் ஒன்று திறந்திருந்த அதே கட்டடத்தில், வேண்டியவர்களுக்கென்று இன்னொரு கதவும் திறந்திருந்தது. சேகரிப்பாளர்கள் நாணயசாலைமீது வைத்த நம்பிக்கையை நீண்ட நாள் அரித்தது இதுதான்.

விலைப்பட்டியலின் காலம்

ஆனாலும் 1860-கள் முதல் நூற்றாண்டின் இறுதி வரை பெரும்பாலான விற்பனை நேர்மையாகவே நடந்தது. வெள்ளி செட் மூன்று டாலர். அதில் இருந்த காசுகளின் முகமதிப்பு இரண்டு டாலருக்குச் சற்றுக் குறைவு. தங்கத்தில் ஒரு டாலர் முதல் இருபது டாலர் வரை ஆறு காசுகள்; முகமதிப்பு நாற்பத்தொன்றரை டாலர். காசுக்கு 25 சென்ட் கூட்டி 43 டாலருக்குக் கொடுத்தார்கள். மேல்தொகை மிகச் சிறியதுதான். ஆனால் 43 டாலர் என்பது அன்றைய கூலித் தொழிலாளியின் ஒரு மாத வருமானத்துக்கும் மேல். அத்தனை பணத்தை வட்டியின்றி அலமாரியில் பூட்டி வைக்கத் துணிந்தவர்கள் மிகச் சிலர். 1875-இல் ஒவ்வொரு மதிப்பிலும் அடித்த தங்கப் புரூஃபுகள் வெறும் இருபது. அந்த ஆண்டில் மூன்று டாலர் தங்கக் காசு புழக்கத்துக்கென்று அடிக்கப்படவே இல்லை. அந்த இருபதுதான் எல்லாம்.

உள்நாட்டுப் போர் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. 1861 இறுதியில் வங்கிகள் தாளுக்கு உலோகக் காசு தருவதை நிறுத்தின. பச்சைத் தாள் டாலரின் மதிப்பு சரிந்தது. நாணயசாலை தன் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் தாளை அதே மதிப்பில் ஏற்கவில்லை. புரூஃப் வாங்க விரும்பியவர் முதலில் தரகரிடம் போய்க் கூடுதல் விலைக்கு உலோகக் காசு வாங்கி, அதைக் கொடுத்துத்தான் புரூஃப் பெற முடிந்தது. அந்தப் போர் ஆண்டுகளிலும் வாங்கியவர்களுடைய பற்றை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில்தான் விற்பனை முறை ஒரு புதிய வகைக் காசைப் படைத்தது. புழக்கத்துக்குத் தேவையில்லாததால் சாதாக் காசாக அடிக்கவே இல்லை, சேகரிப்பாளர்களுக்கென்று புரூஃபாக மட்டும் அடித்தது என்ற வகை அது. 1877, 1878 ஆண்டுகளின் இருபது சென்ட், அதே ஆண்டுகளின் கேடய ஐந்து சென்ட், 1879 முதல் 1883 வரையான வணிக டாலர் ஆகியவை இப்படி வந்தவை. 1895-ஆம் ஆண்டு பிலடெல்பியாவின் மார்கன் டாலர் இவற்றுள் பெயர்பெற்றது. அன்று 880 புரூஃபுகள் அடித்தார்கள், புழக்கக் காசு என்று உறுதிப்பட்ட ஒன்றுகூட இன்றுவரை கிட்டவில்லை. மார்கன் டாலரை ஆண்டுவாரியாகச் சேர்க்கிற ஒவ்வொருவரும் கடைசியில் இந்த 880-இல் ஒன்றின் முன்தான் வந்து நிற்கிறார்கள். அன்று செட் வாங்கிய ஒருவர் ஒரு டாலரோடு சில சென்ட் கூட்டிக் கொடுத்த பொருள் அது.

வாங்குகிறவர் கண்ணைக் கேளாத காலம்: 1907–1916

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த புதிய தங்கக் காசுகள் வந்தன. அவற்றின் வெற்றுத்தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருந்ததால் கண்ணாடி மெருகு பிடிக்கவில்லை. அதே நேரத்தில் ஐரோப்பாவில் பளபளப்பில்லாத மங்கல் மெருகு நாகரிகமாக இருந்தது. இலண்டனும் 1902 முடிசூட்டு விழா செட்டை மங்கலாகவே செய்திருந்தது. பிலடெல்பியா 1908-இல் காசுகளின்மீது மணலை வீசியடித்து மங்கலாக்கி, அவற்றைப் புரூஃப் என்று விற்றது. கலைஞர்களுக்குப் பிடித்தது. அரை நூற்றாண்டாகக் கண்ணாடிக் காசுக்குப் பழகிய சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1909, 1910-இல் பட்டுபோன்ற இன்னொரு மெருகு கொடுத்துப் பார்த்தார்கள். 1911-இல் மீண்டும் மணலுக்கே போனார்கள்.

வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இருபது டாலர் தங்கப் புரூஃப் 1908-இல் 101 அடித்தார்கள், 1915-இல் 50. விற்காதவை உருக்குலைக்குப் போயின. வெள்ளி, தங்கப் புரூஃபுகள் 1915-ஓடும், சென்ட்டும் ஐந்து சென்ட்டும் 1916-ஓடும் நின்றன. அன்று யாரும் விரும்பாததனால்தான் அந்த மங்கல் தங்கக் காசுகள் இன்று மிக அரிதானவை. மங்கல் சென்ட்டுகளோ சாதாக் காசிலிருந்து பிரித்தறியவே கடினமானவை; அறியாமல் செலவழிக்கப்பட்டவை எத்தனையோ. பொருளை மாற்றும்போது அதன் காரணத்தை வாங்குகிறவருக்கு விளக்காவிட்டால், நல்ல பொருளும் கைவிடப்படும் என்பதற்கு இந்தப் பத்தாண்டு சான்று.

ஒவ்வொன்றாக வாங்கலாம்: 1936–1942

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ரூஸ்வெல்ட் ஆட்சியில், 1936-இல் புரூஃப் மீண்டும் வந்தது. பிலடெல்பியாவுக்கு அஞ்சலில் எழுதிப் பணம் அனுப்பினால் காசு வீட்டுக்கு வரும். சென்ட், ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் என ஐந்து காசுகள்; முகமதிப்பு 91 சென்ட். ஐந்தையும் வாங்க 1 டாலர் 81 சென்ட், அஞ்சல் செலவு 8 சென்ட். தொடக்கத்தில் வந்த சென்ட்டும் ஐந்து சென்ட்டும் பட்டு மெருகில் இருந்தன. சேகரிப்பாளர்கள் முறையிட்டார்கள், அதே ஆண்டில் கண்ணாடி மெருகு திரும்பியது. இந்தத் தடவை நாணயசாலை காது கொடுத்தது.

இந்தக் காலத்தின் சிறப்பு, காசுகளைச் செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. வேண்டிய காசை வேண்டிய அளவு வாங்கலாம். அதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 1936-இல் சென்ட் 5,569, அரை டாலர் 3,901, கால் டாலர் 3,837. பொருளாதார நெருக்கடி இன்னும் விலகாத நாள்கள். பையனும் பணியாளரும் சென்ட்டோடு நின்றார்கள். ஆகவே 1936-இன் முழு செட்டுகள் 3,837-க்கு மேல் இருக்கவே முடியாது. இந்த ஒற்றைக் கணக்கு, விற்பனை முறை எப்படி அரிதைப் படைக்கிறது என்பதைப் பாடம்போல் காட்டுகிறது. 1942-இல் போருக்காக நிக்கலை மிச்சப்படுத்தி, ஐந்து சென்ட்டில் வெள்ளி கலந்தார்கள். அந்த ஆண்டில் இரண்டு வகை ஐந்து சென்ட் புரூஃபுகள் வந்தன. அரை டாலர் 21,120 ஆக உயர்ந்திருந்தது. அத்தோடு போர் அந்த ஜன்னலை மூடியது.

பெட்டியும் உறையும் வந்த காலம்: 1950–1964

1950-இல் மீண்டும் தொடங்கியபோது தனிக்காசு விற்பனை இல்லை. ஐந்தும் சேர்ந்த செட் மட்டும், விலை 2 டாலர் 10 சென்ட். இந்த விலை பதினைந்து ஆண்டுகள், 1964 வரை, அப்படியே இருந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு இத்தனை செட் என்ற வரம்பும் இருந்தது. 1950-இல் 51,386 செட்டுகள் போயின.

தொடக்கத்தில் நான் சொன்ன ஸ்டேப்ளர் பின்னும் செலோபேனும் இந்தக் காலத்தவை. 1955-இன் நடுவில் முறை மாறியது. ஐந்து காசுகளையும் நாணயசாலை முத்திரை ஒன்றையும் தட்டையான, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் தனித்தனி அறைகளாக ஒட்டி மூடி, காகித உறையில் இட்டு அனுப்பினார்கள். பிரிக்காமலே காசின் இரு பக்கமும் பார்க்கலாம், கைரேகை படாது, அஞ்சலில் அனுப்ப எளிது. சேகரிப்பாளருக்கு நன்மை செய்த மாற்றம் இது. அந்த ஆண்டில் மட்டும் இரண்டு வகைக் கட்டும் இருப்பதால், 1955 செட்டைக் கட்டைச் சொல்லியே விற்கிறார்கள். காசு ஒன்றே, கட்டு வேறானால் பெயரும் வேறு.

எண்ணிக்கை ஏறிய வேகம் மலைக்க வைப்பது. 1955-இல் 3,78,200 செட்; 1956-இல் 6,69,384; 1957-இல் 12,47,952. வாங்கியவர்கள் எல்லோரும் சேகரிப்பாளர்கள் அல்லர். 1936 செட் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், தம்முடைய செட்டும் அப்படி ஏறும் என்று நம்பிக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினார்கள். 1936-இன் நான்காயிரத்துக்கும் 1957-இன் பன்னிரண்டு இலட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சந்தை சரிந்து 1957 செட் வாங்கிய விலைக்கும் கீழே போனது. 1958-இல் விற்றது 8,75,652 மட்டும். ஆனால் பாடம் நெடுநாள் நிற்கவில்லை. 1961-இல் முப்பது இலட்சத்தைத் தாண்டியது.

செட் எல்லாம் ஒரே விலை; உள்ளே இருந்த காசுகளோ ஒரே தரமில்லை. புதிதாகத் தயாரித்த அச்சில் உருவப்பகுதி பனிபோல் வெண்மையாகவும் தளம் கண்ணாடியாகவும் இருக்கும். சிறிது எண்ணிக்கை அடித்ததும் அந்த வெண்மை தேய்ந்து, உருவமும் தளமும் ஒன்றுபோல் பளபளக்கும். நாணயசாலை இரண்டையும் பிரிக்காமல் வந்த வரிசையில் கட்டியது. யார் பெட்டிக்கு முதலில் அடித்த காசு வந்தது என்பது முழுக்க நல்லூழ். இன்று அந்த வெண்பனிக் காசுக்கும் மற்றதற்கும் இடையில் விலை பல மடங்கு விலகி நிற்கிறது.

1963 நவம்பரில் ஜான் கென்னடி கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் உருவத்தை அரை டாலரில் பொறிக்கச் சட்டம் வந்தது. அந்த முகம் தாங்கிய முதல் புரூஃபை வீட்டில் வைக்க வேண்டும் என்று நாடே எழுதியது. நாணயசாலை ஒருவர் கேட்கக்கூடிய அளவைக் குறைத்தது. அப்படியும் 39,50,762 செட்டுகள் போயின. இந்த வாங்குதலை வெறும் வணிகம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. துக்கத்தைக் கையில் பிடித்துக்கொள்ள மக்கள் தேடிய பொருள் அது.

நின்றதும் இடம் மாறியதும்: 1965–1968

அப்போது நாடு முழுவதும் சில்லறைத் தட்டுப்பாடு. கடைக்காரர்களுக்குக் காசில்லாதபோது சேகரிப்பாளர்களுக்கு எந்திரம் ஓட்டக் கூடாது என்று 1964-ஓடு புரூஃபை நிறுத்தினார்கள். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து சென்ட்டிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை எடுத்தது. 1965 முதல் 1967 வரை ‘சிறப்பு நாணயசாலை செட்’ என்ற பெயரில், சாதாக் காசைவிடச் சிறந்ததும் புரூஃபைவிடத் தாழ்ந்ததுமான காசுகளை 4 டாலருக்கு விற்றார்கள். முந்தைய புரூஃப் 2 டாலர் 10 சென்ட். இது தரத்தில் குறைவு, விலையில் ஏறத்தாழ இரு மடங்கு. சேகரிப்பாளர்கள் மனம் கசந்தது நியாயமே.

1968-இல் உண்மையான புரூஃப் திரும்பியது. பிலடெல்பியாவிலிருந்து அல்ல, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, ‘எஸ்’ குறியோடும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியோடும். விலை 5 டாலர். அன்று தொடங்கிய முறைதான் சில மாற்றங்களோடு இன்றுவரை தொடர்கிறது. இத்தனை இலட்சம் செட்டுகளுக்கு நடுவிலும் அரிது பிறந்தது, கைப்பிழையால். சில அச்சுகளில் ‘எஸ்’ குறியைப் பொறிக்க மறந்தார்கள். 1975-ஆம் ஆண்டுச் செட்டுகளில் ‘எஸ்’ இல்லாத பத்து சென்ட் இரண்டே இரண்டுதான் அறியப்பட்டுள்ளன. ஒன்று 2019-இல் 4,56,000 டாலருக்குப் போனது. சாதாரண விலைக்கு அஞ்சலில் வந்த பெட்டியிலிருந்து வெளிப்பட்ட காசு அது.

இலண்டனும் பம்பாயும்

பிலடெல்பியா ஆண்டுதோறும் விற்றது. இலண்டன் நாணயசாலை விழாவுக்குத்தான் விற்றது. 1826, 1831, 1839, 1853, 1887, 1893, 1902, 1911 என்று புதிய உருவமோ முடிசூட்டோ விழாவோ வரும்போது மட்டும் புரூஃப் செட். 1839 செட்டில் வில்லியம் வயன் வடித்த, விக்டோரியா சிங்கத்தை நடத்திச் செல்லும் ஐந்து பவுன் தங்கக் காசு உலகின் அழகிய நாணயங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணிக்கை கூடியது: 1927-இல் சுமார் 15,000, 1937-இல் 26,402, 1953-இல் 40,000 செட்டுகள். ஜார்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழாவுக்கு விளிம்பில் புடைப்பெழுத்துக் கொண்ட வெள்ளி கிரௌன் 2,500 மட்டும் செய்தபோது, கேட்டவர்கள் மிகுந்து குலுக்கல் போட வேண்டியிருந்தது. அறிமுகத்தால் கிடைப்பதைவிடக் குலுக்கலால் கிடைப்பது எவ்வளவோ நேர்மையானது.

இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தா, பம்பாய் நாணயசாலைகள் பழைய அச்சுகளைக் கொண்டு, கேட்ட சேகரிப்பாளர்களுக்கு மறு அச்சுகள் அடித்துக் கொடுத்தன. ஸ்னோடன் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூல அச்சு எது, பின்னாளில் அடித்தது எது என்று இந்தியக் காசுகளைப் படிப்போர் இன்றும் திணறுவதற்கு அந்த ஏற்பாடே காரணம். 1970-களில் பம்பாய் நாணயசாலை, ‘அனைவர்க்கும் உணவு’ போன்ற உலக உணவு வேளாண் அமைப்பின் கருப்பொருள் தாங்கிய நினைவு நாணயங்களைப் புரூஃப் செட்டுகளாகத் தொடர்ந்து விற்றது. சாதாக் காசில் வைர வடிவக் குறி. புரூஃபில் ‘பி’ என்ற எழுத்து. ஊர்ப்பெயர் மும்பை ஆன பிறகு ‘எம்’. எது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காசே சொல்லிவிடும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

வாங்கும் முறைதான் பொறுமையைச் சோதித்தது. அறிவிப்பு வரும், விண்ணப்பத்தோடு வங்கி வரைவோலை அனுப்ப வேண்டும், மாதங்கள் கழித்து அஞ்சலில் பெட்டி வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 தேதியிட்டு மும்பை செய்த ஆயிரம் ரூபாய் நாணயம், அந்த மதிப்பில் இந்தியா செய்த முதல் நாணயம். அதையும் முன்பணம் கட்டிக் காத்திருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. இன்று இணையத்தில் பதிவு செய்கிறோம். காத்திருப்பு மட்டும் மாறவில்லை.

தொகுத்துப் பார்த்தால்

இந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டு அனுபவம் சில முடிவுகளைத் தருகிறது.

அறிமுகம் இருந்தால் கிடைக்கும் என்ற முறையில் மிக அரிய காசுகளும் மிகப் பெரிய ஐயங்களும் ஒன்றாகப் பிறந்தன. பொதுவான விலைப்பட்டியல் வந்தபோது கணக்கும் வந்தது. எத்தனை அடித்தார்கள் என்று நாம் இன்று அறிவதே அந்தப் பட்டியலின் கொடை. தனித்தனியாக விற்றபோது ஏழைக்கும் ஒரு சென்ட் புரூஃப் கிடைத்தது. செட்டாக மட்டும் விற்றபோது அந்த வாசல் சாத்தப்பட்டது. வரம்பின்றி விற்றபோது பதுக்குவோர் வந்தார்கள். வரம்பு வைத்தபோது உண்மையான சேகரிப்பாளர்களுக்குப் பங்கு கிடைத்தது. மெருகை மாற்றியபோது கேட்காமல் மாற்றியதால் 1908 தோற்றது. கேட்டுத் திருத்தியதால் 1936 வென்றது.

புரூஃப் நாணயம் ஓர் அரசு தன் கைத்திறனைக் குடிமக்களிடம் காட்டும் பொருள். வயலுக்குப் போகிறவருக்கும் வங்கிக்குப் போகிறவருக்கும் அதே காசுதான் புழங்குகிறது. அந்தக் காசின் மிகச் சிறந்த வடிவம் வேண்டியவர்களுக்கு மட்டும் போனால், அது நாட்டின் நாணயமாக இராது. ஆகவே நாணயசாலைக்குக் கடமைகள் மூன்று. எப்போது, என்ன விலை, எத்தனை என்று எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவிக்க வேண்டும். அறிவித்த எண்ணிக்கையை ஒருபோதும் மீறக் கூடாது; பழைய அச்சுகளை அழித்துவிட வேண்டும். காசைச் செய்த கவனத்தோடு அதைக் கட்டவும் வேண்டும்.

மூன்றாவதைச் சிறிதென்று எண்ண வேண்டாம். துரு ஏறும் கம்பியைக் கண்ணாடிக் காசுக்குப் பக்கத்தில் வைத்த கைக்கு அது நூறாண்டு இருக்கும் பொருள் என்ற எண்ணம் இல்லை. வாங்கியவரோ நூறாண்டு இருக்கும் என்று நம்பித்தான் மணியார்டர் அனுப்பினார். அவர் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பெட்டியைத் திறந்து, கம்பியை மெல்லக் கழற்றுகிறார்கள், காசில் கீறல் விழாமல்.